கைமாறிய மண்ணும் ஒரு தமிழ் மனுவும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிரிட்டனிடமிருந்து சீனாவிடம் கைமாறிய ஹாங்காங் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைச் சத்தியவேட்டில் உட்கார்ந்து படித்தேன். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி மதராஸ் மாநிலத்துக்குப் போக, எங்கள் பகுதி ஆந்திரத்துக்கு வந்தது. "வீடு இங்கேயேதான் இருக்கு, தாலுகா ஆபீஸ்தான் போயிடுச்சு" என்பார் அப்பா. ஒரே நாட்டுக்குள் நடந்த எல்லை மாற்றத்தை ஹாங்காங்கோடு சேர்த்துப் பேசுவது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் கட்டுரையாளர் விட்டுவிட்ட ஒரு விஷயம் எங்களுக்கு நன்றாகவே புரியும்: உரிமையை எழுதி வைத்தால் மட்டும் போதாது, அதை நடத்திக் கொடுப்பது யார் என்பதும் முக்கியம்.

கைமாற்றத்துக்காகப் பிரிட்டனும் சீனாவும் கையெழுத்திட்ட 1984 கூட்டுப் பிரகடனத்தில் பேச்சுரிமை, பத்திரிகைச் சுதந்திரம், கூட்டம் கூடும் உரிமை எல்லாம் எழுதித்தான் இருந்தன, 50 ஆண்டுக்கு மாறாது என்ற உறுதியோடு. சிக்கல், ஹாங்காங்குக்கு அரசியல் சட்டம் மாதிரி இருக்கும் அடிப்படைச் சட்டத்தின் 158ஆம் பிரிவில் இருக்கிறது. அந்தச் சட்டத்துக்குப் பொருள் சொல்லும் அதிகாரம் பெய்ஜிங்கில் உள்ள சீன நாடாளுமன்றமான தேசிய மக்கள் காங்கிரஸின் நிலைக்குழுவுக்கு. கடன் வாங்கியவரே வட்டிக் கணக்கும் எழுதுகிற மாதிரி. 2020இல் தேசியப் பாதுகாப்புச் சட்டம் ஹாங்காங் சட்டமன்றத்தின் வாசலைக்கூட மிதிக்காமல் அமலுக்கு வந்தது.

சரி, நம் பக்கம் வருவோம். மொழிவாரி மாநிலங்கள் பிரிந்த 1956இல் அரசியல் சட்டத்தில் 350-ஏ, 350-பி இரண்டையும் சேர்த்தார்கள். சிறுபான்மை மொழிக் குழந்தைக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலம் 'முயல வேண்டும்' என்கிறது முதலாவது. எத்தனை வருடம் முயல்வது என்று அதில் இல்லை. இரண்டாவது ஒரு தனி அலுவலரை நியமிக்கிறது. அவர் விசாரித்துக் குடியரசுத் தலைவருக்கு அறிக்கை தரலாம், யாருக்கும் உத்தரவு போட முடியாது. ஆந்திரத்தை மட்டும் குறை சொல்லவில்லை. தமிழ்நாட்டில் பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய 2006 தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு, விலக்குக் கேட்டு நீதிமன்றப் படியேறியவர்களில் தெலுங்குப் பிள்ளைகளும் உண்டு.

போன வருடம் பட்டா விஷயமாக ஓர் அலுவலகத்தில் தமிழில் மனு கொடுத்தேன். "தெலுங்குல எழுதி எடுத்துட்டு வாங்க" என்று திருப்பிவிட்டார்கள். மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் குறையைச் சொல்லி மனுக் கொடுக்கலாம் என்கிறது 350ஆவது பிரிவு. அதில் 'முயல' கிடையாது, உரிமை என்றே இருக்கிறது. ஆனால் கவுன்ட்டரில் நின்றபோது அது எனக்கே தெரியாது. வெளியே மனு எழுதுபவரிடம் காசு கொடுத்துத் தெலுங்கில் எழுதி வாங்கினேன்.

அந்தப் பிரிவைத் தமிழிலும் தெலுங்கிலும் அடுத்த இதழில் ஒரு கட்டம் போட்டு வெளியிடுங்கள். கத்தரித்து மனுவோடு பின் பண்ணிக்கொள்கிறேன்.

— ஒரு வாசகர், சத்தியவேடு