அலமாரியில் இருக்கும் நூலை "இல்லை" என்று காட்டும் தேடல் வசதி: புகார்

அனுப்புநர்:
செயலாளர், வாசகசாலை,
தக்கலை வட்டாரம், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: இணைய நூற்பட்டியலின் தேடல் குறைபாடு, மூன்றாம் முறையாகத் தெரிவித்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தங்கள் நிறுவனத்தின் நூலக மென்பொருளுக்கு எங்கள் வாசகசாலை இரண்டு ஆண்டுகளாகச் சந்தா செலுத்தி வருகிறது. அதன் இணைய நூற்பட்டியலில் தமிழ்ச் சொற்களைத் தேடும்போது நேரும் குறைபாடு பற்றி முன்பே இருமுறை மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டுக்கும் "சரியான எழுத்துக்கூட்டலில் தேடவும்" என்ற ஒரே வரிதான் பதிலாக வந்தது. எது சரியான எழுத்துக்கூட்டல் என்பதில்தான் சிக்கலே இருப்பதால், இம்முறை சற்று விரிவாக எழுதுகிறேன்.

சென்ற மாதம் மார்த்தாண்டத்திலிருந்து ஓர் ஆய்வு மாணவி வந்திருந்தார். கணினியில் "திருவாங்கூர்" என்று தட்டினார். "பதிவுகள் எதுவும் இல்லை" என்றது திரை. பேருந்துக்கு நேரமாகிறதென்று அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்ட பிறகுதான் நான் கவனித்தேன். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால், கை நீட்டினால் எட்டும் தட்டில், அந்தச் சமஸ்தானத்தைப் பற்றிய நூல்கள் வரிசையாக இருந்தன. அவற்றின் அட்டையில் "திருவிதாங்கூர்" என்று அச்சிட்டிருந்தது, வேறுபாடு அவ்வளவே. 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணையும் வரை இம்மாவட்டம் முதலில் அந்தச் சமஸ்தானத்திலும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்ததால், எங்கள் ஊர் வரலாற்றைத் தேடுபவர் அந்தப் பெயரைத் தொடாமல் ஓரடி நகர முடியாது.

மாவட்டத் தலைநகரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவில் என்று எழுதுபவரும் உண்டு, நாகர்கோயில் என்று எழுதுபவரும் உண்டு; இருவரும் பிழை செய்யவில்லை. தேரூரில் பிறந்த கவிமணியைத் தேடினால் "தேசிகவிநாயகம் பிள்ளை" என்பதற்குச் சில நூல்களும், "தேசிக விநாயகம்" என்று இடைவெளி விட்டால் வேறு சில நூல்களும் வருகின்றன. "கவிமணி" என்றால் மூன்றாவதாக ஒரு தொகுதி. எங்கள் வாசகசாலையின் பழைய நூற்பட்டியல் அட்டைகள் அடுக்கிய பெட்டியை இன்னும் வைத்திருக்கிறேன். அதன் 'ந' இழுப்பறையில், ஓரம் பழுத்த ஓர் அட்டையில், "நாகர்கோயில்: நாகர்கோவில் காண்க" என்று நீல மையில் எழுதியிருக்கிறது. அந்த ஓர் அட்டை செய்த வேலையைத் தங்கள் மென்பொருள் செய்யவில்லை.

இதைவிட மோசமானது கண்ணுக்கே தெரியாத பிழை. "தோவாளை" என்று நான் தட்டியபோது வராத ஒரு நூல், பட்டியலை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டியபோது அதே "தோவாளை" என்ற பெயரோடு கிடைத்தது. என் தங்கை மகன் இரண்டு சொற்களையும் நகலெடுத்துக் குறியீடுகளை எண்ணிப் பார்த்தான். ஒன்றில் ஆறு, மற்றதில் ஏழு. கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையாகிய யூனிகோடில் 'ோ' என்பதை ஒரே குறியீடாகவும் எழுதலாம். இரட்டைக்கொம்பையும் (ே) காலையும் (ா) தனித்தனியே அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பழைய எழுத்துருவில் இருந்த எங்கள் பட்டியலைத் தாங்களே மாற்றித் தந்தபோது பிரிந்த வடிவம் உள்ளே புகுந்திருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கும் இயல்பாக்க விதி யூனிகோடு தரத்திலேயே இருக்கிறது. அதைப் பதிவிலும் தேடும் சொல்லிலும் செயல்படுத்தாதது தங்கள் தரப்புத் தவறு. இதற்கும் வாசகரின் எழுத்துக்கூட்டலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

இப்போதைக்குக் கணினியருகே ஒரு தாளில் சில வழிகளை எழுதி ஒட்டியிருக்கிறேன். முழுச் சொல்லைத் தட்டாமல், ஐயமில்லாத முதல் சில எழுத்துகளையும் அடுத்து ஒரு நட்சத்திரக் குறியையும் இடச் சொல்கிறேன். "திருவ*" என்றால் திருவிதாங்கூரும் திருவாங்கூரும் வந்துவிடுகின்றன. கூடவே திருவள்ளுவரும் திருவண்ணாமலையும் திருவனந்தபுரமும் கூட்டமாக வந்துவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம். ஆகவே அதில் பொருத்தமான ஒரு நூலைப் பிடித்து, அதன் பதிவைத் திறந்து, அங்குள்ள பொருள் தலைப்பையும் வகுப்பெண்ணையும் கொண்டு மறுபடி தேடுவதே நல்ல வழி. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு வகுக்கும் டூயி பகுப்பில் தமிழ்நாட்டு வரலாறு 954.82, கேரள வரலாறு 954.83, எங்கள் மாவட்டத்துக்கு இரண்டையும் பார்த்தாக வேண்டும். பழகியவருக்கு இது கைவரும். ஆனால் ஒரு நூலைத் தேடி முதன்முறையாக வரும் பள்ளி மாணவனிடம் இவ்வளவையும் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்று நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் விதி வகுத்தது நூலகங்களுக்கு மட்டும் அல்ல, நூலகங்களுக்குப் பொருள் விற்பவர்களுக்கும் பொருந்தும் என்றே கருதுகிறேன்.

எங்கள் எல்லாப் பதிவுகளுக்கும் யூனிகோடு இயல்பாக்கத்தைக் கூடுதல் கட்டணமின்றிச் செய்து தர வேண்டும். தங்கள் பதிவுப் படிவத்தில், மார்க் 21 என்னும் நூலகப் பதிவுத் தரத்தின்படி தலைப்புக்குரிய 245ஆம் புலம் மட்டும் இருக்கிறது. மாற்றுத் தலைப்புக்குரிய 246ஆம் புலத்தையும், பெயர்களுக்குக் "காண்க" குறிப்பு இடும் வசதியையும் திறந்துவிட வேண்டும். 30 நாட்களுக்குள் இயலாதெனில், எங்கள் பதிவுகள் முழுவதையும் மார்க் 21 கோப்பாகத் தந்து, மீதிக் காலத்துக்குரிய சந்தாவைத் திருப்பித் தாருங்கள். நியூசிலாந்து நூலகம் ஒன்று 2000இல் பயன்படுத்தத் தொடங்கிய கோஹா என்னும் கட்டணமில்லா மென்பொருளுக்கு மாறிக்கொள்கிறோம்.

தோவாளைப் பதிவுகள் இரண்டின் திரைப்பிடிப்புகளையும், அந்த 'ந' இழுப்பறை அட்டையின் ஒளிநகலையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்