கையேட்டை மாற்றும் முன் எழுத்தை மாற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பம்ப்செட், வெட் கிரைண்டர் கையேடுகளைப் பழைய வேர்டு கோப்பிலிருந்து மார்க்டவுனுக்கோ (வெறும் எழுத்தும் சில குறிகளும் மட்டுமே உள்ள கோப்பு வடிவம்) இணையப் பக்க வடிவமான எச்டிஎம்எல்லுக்கோ மாற்றும்போது ஆங்கிலப் பக்கம் பிழைத்துக்கொள்கிறது, தமிழ்ப் பக்கம் குப்பையாகிறது. பழி, கோப்பு வடிவத்தை மாற்றித்தரும் பேண்டாக் மென்பொருள் மேல் விழுகிறது. கோளாறு அதில் இல்லை, வேலையைச் செய்யும் வரிசையில் இருக்கிறது.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த ‘அம்மா’ கோப்புக்குள் தமிழே இல்லை. எம், கே, செமிகோலன், கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். எழுத்துரு அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. மார்க்டவுனில் எழுத்துருவுக்கு இடம் கிடையாது. மாற்றிய மறுநொடி வேஷம் கலைந்துவிடும். (2010-லேயே தமிழுக்கெனத் தனிக் குறியெண்கள் உள்ள யூனிகோடைத் தமிழக அரசு ஏற்றது, செம்மொழி மாநாடு நம் கோவையில் நடந்த அதே ஆண்டு. பழைய கோப்புகளுக்கு அது எட்டவில்லை.)

‘மாற்றியபின் யூனிகோடாக்கிக் கொள்ளலாமே’ என்றால், முடியாது. பாமினியில் ‘ஜ’ உட்கார்ந்திருப்பது சதுர அடைப்புக்குறியின் இடத்தில். மார்க்டவுனில் அது இணைப்புக்கான குறி என்பதால் பேண்டாக் அதன் முன் ஒரு பேக்ஸ்லாஷ் (\) போட்டுக் காக்கும். பேக்ஸ்லாஷோ பாமினியில் ‘ஷ’! பிரஷர் ‘கேஜ்’ அப்புறம் ‘கேஷஜ்’ ஆகிவிடும். எச்டிஎம்எல்லில் இதே கதி, ‘<’ குறியின் இடத்தில் உட்கார்ந்திருக்கும் ‘ஈ’க்கு.

ஆகவே முதலில் எழுத்து. பேண்டாக் பழைய டாக் கோப்பைப் படிக்காது. லிப்ரேஆபீஸில் திறந்து டாக்எக்ஸாகச் சேமியுங்கள். அதில் பாமினி எழுத்துரு உள்ள துண்டுகளை மட்டும் யூனிகோடாக்க வேண்டும். மொத்தக் கோப்பையும் கன்வெர்டரில் கொட்டினால் எச்பி, ஆர்பிஎம் போன்ற ஆங்கில எழுத்தெல்லாம் உளறலாகும். பிறகு ‘மோட்டார்’ என்று தேடிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிறது, தேடினால் கிடைக்கவில்லை என்றால் ‘மோ’வின் கொம்பும் காலும் தனித்தனிக் குறியாகக் கிடக்கின்றன. பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி நார்மலைசேஷன் அதைச் சேர்த்துவிடும். பைத்தானில் ஒரு வரி வேலை. ‘ௌ’வுக்குப் பதில் ‘ள’ போட்டிருந்தால் மட்டும் கையால்தான் திருத்த வேண்டும்.

தலைப்பை வெறுமனே போல்டாக்கியிருந்தால் பேண்டாக்குக்கு அது சாதாரணப் பத்தி. ஹெட்டிங் ஸ்டைல் கொடுங்கள்.

அட்டவணையில்தான் காசு போகிற தப்பு நடக்கும். ‘மொத்த ஹெட், மீட்டரில்’ (தண்ணீரை ஏற்ற வேண்டிய உயரம்) என்ற ஒரே தலைப்பு ஆறேழு நெடுவரிசைகளுக்கு மேல் இணைந்து நிற்கும். அடியில் லிட்டர் கணக்கில் டிஸ்சார்ஜ், அதாவது பம்ப் தள்ளும் தண்ணீரின் அளவு. மார்க்டவுனின் குழாய்க்கோடு (|) அட்டவணைக்குக் கட்டங்களை இணைக்கத் தெரியாது. தலைப்பை எடுத்துக் கையால் நிரப்பும்போது ஒரு கட்டம் தள்ளிப்போனால், 10 மீட்டருக்கான டிஸ்சார்ஜ் 8 மீட்டருக்குக் கீழே அச்சாகும். விவசாயி அதைப் பார்த்துத்தான் பம்ப் வாங்குகிறார். எச்டிஎம்எல் அட்டவணையை மார்க்டவுனுக்குள் அப்படியே வைக்கலாம், ஆனால் அதே கோப்பிலிருந்து பிடிஎஃப் எடுத்தால் பேண்டாக் அந்த அட்டவணையின் கட்டங்களைக் கழற்றிவிடும். அச்சுக்கும் இணையத்துக்கும் ஒரே மூலம் வேண்டுமென்றால் மாடலுக்கு ஒன்றாக, கட்டங்களை இணைக்காத சிறு அட்டவணைகளாகப் பிரிப்பதே உத்தமம்.

பிடிஎஃப்புக்கு பேண்டாக்கில் சீலேடெக் (xelatex) எஞ்சினைத் தேர்ந்தெடுத்து, நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற எழுத்துருவின் பெயரையும் கொடுங்கள். பெயர் விட்டுப்போனால் தமிழ் வரவேண்டிய இடம் வெற்றாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர், கணபதி, கோவை.