ஓசூரைச் சுற்றி மனை போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ப்ரோமோட்டர் அண்ணன்மார்களுக்கு,

வணக்கம். பாகலூர் சாலையில் உங்களில் ஒருவர் பிரித்து விற்ற மனையில் வீடு கட்டிக் குடியிருக்கிறேன். சண்டைக்கு வரவில்லை. நீங்கள் மனை போட்டதால்தான் என்னைப் போன்ற மாதச் சம்பளக்காரர்களுக்கு, பெங்களூரிலிருந்து 40 கிலோமீட்டரில் சொந்த வீடு அமைந்தது. இன்னும் நிறையப் போடுவீர்கள். அப்படிப் போடும்போது ஒரே ஒரு காரியம் செய்யுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். ஜேசிபி இறங்குவதற்கு முன்னால் நிலத்தை விற்ற விவசாயியைக் கூட்டிக்கொண்டு போய், மழைத்தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும், எந்த ஏரிக்குப் போகும் என்று கேளுங்கள். அந்த வழியை மூடாதீர்கள்.

எங்கள் லேஅவுட் ஒப்புதல் வாங்கிய லேஅவுட்தான். தார் ரோடு, மின்கம்பம், முகப்பில் வளைவு என்று எல்லாம் முறையாக இருக்கிறது. ஆனால் ஒரு மணி நேரம் நன்றாகப் பெய்துவிட்டால், எங்கள் குறுக்குத் தெருவில் செம்மண் தண்ணீர் முழங்கால் அளவுக்கு நிற்கும். நிறுத்தி வைத்த பைக்கின் சைலன்சர் மூழ்கிவிடும். வீட்டுக்குள் வந்த தண்ணீர் வடிந்த பிறகு டைல்ஸ் மேல் ஒரு விரல் கனத்துக்குச் சேறு படிந்திருக்கும். இரண்டு தடவை கழுவினாலும் இடுக்குகளில் சிவப்பு போகாது. சாக்கடை சரியில்லை என்றுதான் தெருவில் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தோம். அப்புறம், இந்த நிலத்தில் முன்பு முட்டைக்கோசு போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருநாள் வந்து கைத்தடியால் காட்டினார். "இந்தக் கம்பத்துல இருந்து அந்தப் புங்க மரம் வரைக்கும் கால்வா இருந்ததும்மா. மேல ஏரி கோடி போனா இதுலதான் தண்ணி இறங்கும்" என்றார். ஏரி நிறைந்து வழிவதைத்தான் கோடி போவது என்பார்கள். அந்த இடத்தில் இப்போது சைட் பிரித்து வீடு எழுந்துவிட்டது. கால்வாய்க்குப் பதிலாக ரோட்டுக்கு அடியில் இரண்டடி சிமெண்ட் குழாய் ஒன்று போகிறது. அதன் வாயில் பாதி நாள் பிளாஸ்டிக் பையும் தேங்காய் மட்டையும் அடைத்துக் கிடக்கும்.

குழாய் போட்டவருக்கு அங்கே கால்வாய் இருந்தது தெரிந்திருக்கிறது. எவ்வளவு தண்ணீர் வரும் என்பதுதான் தெரியவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. சித்திரை வெயிலில் வந்து பார்த்தால் அது வெறும் பள்ளம்.

ஓசூர், தளி, பேரிகைப் பக்கமெல்லாம் மேட்டுப் பூமி. தென்பெண்ணை பக்கத்திலேயே ஓடினாலும் மேட்டுக் காட்டுக்கு அந்தத் தண்ணீர் ஏறாது. கெலவரப்பள்ளி அணைக்கு அது பெங்களூருக் கழிவோடு நுரை தள்ளிக்கொண்டு வருவது தனிக் கொடுமை. அதனால்தான் நம் பெரியவர்கள் மழையைப் பிடித்து வைக்க ஏரி ஏரியாக வெட்டினார்கள். மேல் ஏரி நிறைந்து கோடி போனால் கீழ் ஏரிக்கு வந்து சேரும்படி கால்வாயும் எடுத்தார்கள். ஏரி வருவாய்க் கணக்கில் இருக்கும், பெரிய ஓடை புலப்படத்தில் இருக்கும். வயலுக்கு நடுவே போகும் சின்னக் கால்வாய்கள்தான் சிக்கல். அவற்றில் பல பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடியவை, பக்கத்துப் பக்கத்துக் காட்டுக்காரர்கள் வாய்ப்பேச்சாகப் பேசி ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்த வழிகள். சர்வேயர் படத்தில் அதற்குக் கோடு கிடையாது. பத்திரம், பட்டா, வில்லங்கம், அ-பதிவேடு என்று நீங்கள் எல்லாம் பார்த்துத்தான் வாங்குகிறீர்கள், ஆனால் அந்தக் கட்டு முழுக்கத் தேடினாலும் இந்தத் தகவல் இருக்காது. விற்றவருக்குத் தெரியும். தமிழிலோ தெலுங்கிலோ கன்னடத்திலோ சொல்லிவிடுவார். பணத்தை வாங்கிக்கொண்டு மகன் வீட்டோடு போய்விட்டால் பிறகு யாரைக் கேட்பீர்கள்?

எங்களில் பலர் தினமும் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். 2022 செப்டம்பரில் பெங்களூரு வெளிவட்டச் சாலைப் பக்கம் ஐ.டி. ஊழியர்கள் டிராக்டரில் ஏறி ஆபீசுக்குப் போனதை நாடே பார்த்தது. ராஜகால்வாய்கள் என்று அங்கே சொல்லும் பெரிய மழைநீர்க் கால்வாய்களை மறித்துக் கட்டியதை அதன் பிறகுதான் அந்த ஊர் மாநகராட்சி ஆள் வைத்து இடித்தது. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அவ்வளவு மழை எங்கே என்று நினைக்க வேண்டாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. இந்த மாவட்டத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதில் பாதிக்கு மேல் அது. ரோட்டோரம் நின்ற வண்டிகளெல்லாம் அடித்துக்கொண்டு போயின.

வெள்ளம் ஒரு பக்கம் என்றால் அதே கால்வாயை மூடியதால் கோடையில் படும் பாடு வேறு. ஏரிக்குத் தண்ணீர் வராவிட்டால் கிணறும் போரும் வற்றும். ஆயிரம் அடி தாண்டி ஓட்டியும் புகைதான் வந்தது என்று சொல்கிற வீடுகள் இங்கே உண்டு. ஆழத்தில் கிடைத்தாலும் இந்தப் பாறைப் பூமியில் அது நல்ல தண்ணீராக இருக்கும் என்று சொல்ல முடியாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தானே ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-ல் தண்ணீர் விட்டார்கள். அந்தக் குழாயையே நம்பி எத்தனை புது லேஅவுட்டுகள்?

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஓசூர் 2019-ல் மாநகராட்சி ஆனது. 2024 ஜூனில், ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று சட்டசபையில் முதலமைச்சர் அறிவித்தார். அதிலிருந்து பேரிகை, சூளகிரி வரைக்கும் சைட் பேனர்தான். ரோஜாவும் தக்காளியும் விளைந்த நிலங்களில் இன்று கல் நடுகிறார்கள். இப்போது மூடினால் மூடியதுதான். வீடு கட்டிக் குடிவந்த பிறகு எந்த வீட்டை இடித்துக் கால்வாயை மீட்பது?

சதுர அடி நஷ்டமாகுமே என்பீர்கள். நியாயமான கவலைதான். வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேல் பிரித்தால், ரோடு போக மீதியில் 10 சதவீதத்தைப் பொதுப் பயனுக்கு ஒதுக்கி உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். பல லேஅவுட்டில் அந்த இடம் எங்கே இருக்கிறது? விலை போகாத மூலையில், பாறையிலோ உயரழுத்தக் கம்பிக்கு அடியிலோ. அதையே கால்வாயை ஒட்டி நீளவாக்கில் கொடுங்கள். தண்ணீர் போக வழியும் ஆச்சு, கரையில் நாலு புங்க மரமும் நடைபாதையும் வந்தால் பூங்காவும் ஆச்சு. கையில் கொடுக்கிற வண்ணப் படத்தில் கால்வாயையும் நீலக் கோடாகப் போட்டுக் காட்டுங்கள். மறைத்து விற்கிறவரைவிடக் காட்டி விற்கிறவரிடம் வாங்கவே நான் ஆசைப்படுவேன். என் கூட வேலை பார்க்கிறவர்களுக்கும் அவரைத்தான் சொல்வேன். அது பட்டா நிலமாக இல்லாமல் ஓடைப் புறம்போக்காக இருந்தால் பேச்சே வேண்டாம், அது உங்கள் சரக்கே அல்ல.

எங்கள் தெருவில் இருக்கிற அந்தக் குழாயை எடுத்துவிட்டு, ரோட்டோரமாகத் திறந்த கால்வாய் வெட்டி, குறுக்கே அகலமான சிறுபாலம் போட முடியுமா என்று குடியிருப்போர் கூடிப் பேசியிருக்கிறோம். செலவில் எங்கள் பங்கைத் தருகிறோம் என்று எல்லா வீட்டிலும் ஒத்துக்கொண்டார்கள். மனை போட்டவர் மீதியை ஏற்றுக்கொண்டு, ஐப்பசி மழைக்கு முன்னால் அந்தப் பெரியவரையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வரட்டும். எந்த ஞாயிறு என்று சொன்னால் போதும், நாங்கள் இருப்போம்.

இப்படிக்கு,
பாகலூர் சாலை லேஅவுட் ஒன்றில் குடியிருக்கும் ஒருத்தி,
ஓசூர்