தேர்வறையோடு நின்றுவிடும் கூடுதல் நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாணவர்களின் புத்தொழில் முயற்சிகளுக்குக் கல்லூரிகள் கைகொடுப்பது பற்றி இப்போது நிறைய எழுதப்படுகிறது. டிஸ்லெக்சியா (வாசிப்பதில் சிரமம்), ஆட்டிசம், ஏடிஎச்டி (கவனம் சிதறுதல், துறுதுறுப்பு) உள்ள மாணவர்களுக்குத் தேர்வில் கிடைக்க வேண்டிய வசதிகள் பற்றியும் அவ்வப்போது செய்தி வருகிறது. இரண்டும் ஒரே மாணவரிடம் சேர்ந்திருந்தால் என்ன ஆகிறது என்று கேட்பார் இல்லை. இந்த வசதிகளைக் கவனிக்கும் சம வாய்ப்புப் பிரிவு ஒரு கட்டடத்தில், மாணவர் தொழில்களை வளர்த்துவிடும் இன்குபேஷன் மையம் இன்னொரு கட்டடத்தில். செமஸ்டர் தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாகப் பெற்ற மாணவரையே மறுவாரம் ஐந்து நிமிடத்தில் பிட்ச் செய்ய, அதாவது தன் தொழில் யோசனையை விளக்கிக் காட்டச் சொல்லி, தடுமாறினால் நிராகரிக்கிறார்கள்.

முதலில் சட்டம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும், டிஸ்லெக்சியா, டிஸ்கிராஃபியா (எழுதுவதில் சிரமம்) போன்ற கற்றல் குறைபாடுகளும் உண்டு. ஏடிஎச்டி இல்லை. பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று பெற்றவருக்கு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரமும், தேவைப்பட்டால் சொல்லச் சொல்ல எழுதித் தரும் ஸ்கிரைப் வசதியும் உண்டு. மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரமாகும். 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் எழுதுவதில் சிரமம் உள்ளவருக்கு வழி செய்ய வேண்டும் என்று விகாஷ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கான மத்திய அரசின் வழிகாட்டுதல் 2022 ஆகஸ்டில் வந்தது.

நடைமுறையில் தடுக்கும் இடங்கள் வேறு. கற்றல் குறைபாட்டுக்கு 14 வயதில் வாங்கிய சான்றிதழை 18 வயதில் புதுப்பிக்க வேண்டும். அதன் பிறகு அது ஆயுளுக்கும் செல்லும். 18 என்பது சரியாக முதலாமாண்டு சேரும் வயது. புது ஊர், ஹாஸ்டல், அட்மிஷன் அலைச்சலில் புதுப்பிப்பதை விட்டுவிட்டு, முதல் செமஸ்டர் ஹால் டிக்கெட் வரும்போது ஓடுகிறார்கள். கல்லூரிக்கு வந்த பிறகே முதன்முதலாகப் பரிசோதனைக்குப் போகிறவர் பாடு இன்னும் மோசம். பரவலாகப் பயன்படும், பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் சோதனைத் தொகுப்பு 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக உருவானது. அதை ஒரு பொறியியல் மாணவர் வாசித்துக் காட்டிவிட்டால் 'குறைபாடு இல்லை' என்று எழுதிவிடவும் வாய்ப்புண்டு. மணிக்கணக்கில் முட்டி மோதித்தான் அவர் பாடப்புத்தகம் படிக்கிறார் என்பது அந்தத் தாளில் தெரியாது. போதாததற்கு, செமஸ்டர் தேர்வில் தரும் கூடுதல் நேரத்தைப் பல இடங்களில் இன்டர்னல் தேர்வில் தருவதில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் தியரி பாடத்துக்கு 40 மதிப்பெண் இன்டர்னலில்தான் இருக்கிறது.

நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்தது, தேர்வறைக்கு வெளியே செய்யக்கூடிய எதற்கும் இந்தச் சான்றிதழ் தேவையில்லை என்பது. பிட்ச்சில் கேட்கப்போகும் கேள்விகளில் பாதியை இரண்டு நாள் முன்பே எழுத்தில் தர எந்த மருத்துவக் குழுவின் அனுமதியும் வேண்டாம். ஆட்டிசம் உள்ள மாணவர் பலரை அடுத்தடுத்து வந்து விழும் கேள்விகள்தான் முடக்குகின்றன; விஷயம் தெரியாமல் அவர்கள் நிற்பதில்லை. மீதிக் கேள்விகளுக்கு மறுநாள் மாலைக்குள் எழுத்தில் பதில் அனுப்பலாம் என்று வையுங்கள். மதிப்பெண் தாளில் 'தன்னம்பிக்கை', 'கண் பார்த்துப் பேசுதல்' என்ற வரிகள் இருந்தால் அடித்துவிடுங்கள். வாடிக்கையாளர் யார், என்ன விலை, ஒரு பொருள் செய்ய என்ன செலவு என்ற மூன்றுக்கும் விடை இருக்கிறதா என்று பார்த்தால் போதும். விண்ணப்பத்தைப் பத்து நிமிட ஒலிப்பதிவாக, தமிழிலேயே தர விடுங்கள். இரவு முழுக்க நடக்கும் ஹேக்கத்தான் போட்டியை மட்டுமே நுழைவாயிலாக வைக்காதீர்கள். இரைச்சலும் தூக்கமின்மையும் யாருக்குத் தொழில் தெரியும் என்பதைக் காட்டித் தருவதில்லை.

ஏடிஎச்டி உள்ளவரிடம் யோசனைக்குப் பஞ்சமிருக்காது. தொடங்கியதை முடிப்பதிலும் தேதியை நினைவில் வைப்பதிலும்தான் சிக்கல். மாதம் ஒரு முறை இரண்டு மணி நேரம் நடக்கும் மென்டர் (வழிகாட்டி) சந்திப்பு இவர்களுக்கு வீண். வாரம் ஒரு முறை, அதே கிழமை, அதே நேரம், அரை மணிக்குள் முடிய வேண்டும். எழுந்து போவதற்கு முன் அடுத்த வாரத்துக்கான வேலைகளை எழுதிக் கையில் கொடுக்க வேண்டும், அதுவும் மூன்றுக்கு மேல் போகக்கூடாது. 'மார்க்கெட்டைப் படித்துவிட்டு வா' என்று எழுதினால் நடக்காது. 'வியாழனுக்குள் நான்கு கடைக்காரர்களிடம் விலை கேட்டு வா' என்றால் நடக்கும்.

இவர்கள் அதிகம் அடிபடும் இடம் கம்பெனிப் பதிவு. எத்தனை ஸ்டார்ட்அப் பதிவானது என்று கணக்குக் காட்ட வேண்டியிருப்பதால், பொருள் விற்கும் முன்பே பிரைவேட் லிமிடெட் பதிவு செய்யச் சொல்லும் மையங்கள் உண்டு. ஒரு ரூபாய் வியாபாரம் நடக்காவிட்டாலும் தணிக்கை செய்து, செப்டம்பர் இறுதிக்குள் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்தி, அதிலிருந்து 30 நாளுக்குள் ஏஓசி-4 (நிதிக் கணக்கு), 60 நாளுக்குள் எம்ஜிடி-7 (ஆண்டு அறிக்கை) வகைப் படிவங்களைத் தாக்கல் செய்ய வேண்டும். (முதல் ஆண்டில் மட்டும் கெடுவில் சிறிது தளர்வு உண்டு.) அதாவது அக்டோபர், நவம்பர், செமஸ்டர் தேர்வும் அரியரும் கழுத்தைப் பிடிக்கும் மாதங்கள். தவறினால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளுக்கு 100 ரூபாய். ஓராண்டு மறந்தால் ஒரு படிவத்துக்கே 36,500 ரூபாய். தொடர்ந்து மூன்று ஆண்டு தாக்கல் செய்யாவிட்டால் ஐந்து ஆண்டுக்கு இயக்குநராக இருக்கும் தகுதியே போய்விடும். 19 வயதில் கையெழுத்துப் போட்டவர் வேலை தேடும் வயதில் இதை அறிகிறார்.

பணம் கொடுக்கும் வாடிக்கையாளர் வரும்வரை தனிநபர் உரிமையாளராகவே நடத்தலாம். சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவுக்கு ஆதாரும் பான் எண்ணும் போதும், கட்டணம் இல்லை. தமிழகத்துக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு அவசியமில்லை. வீட்டில் சிறிய அளவில் தின்பண்டம் செய்து விற்பவருக்குக் குறைந்த கட்டணத்தில் உணவுப் பாதுகாப்புப் பதிவு கிடைக்கும். தமிழக அரசின் டான்சீட் போன்ற புத்தொழில் தொடக்க நிதிக்கு விண்ணப்பிக்கும் கட்டத்தில் கம்பெனி தொடங்கிக்கொள்ளலாம். அப்போது மையமே ஒரு கணக்காளரை அமர்த்தி, எல்லா மாணவர் நிறுவனங்களின் தாக்கல் தேதிகளையும் ஒரே அட்டவணையில் வைத்துக்கொள்ள வேண்டும். செலவுக்கு எங்கே போவது என்று கேட்க முடியாது. கல்லூரியின் ஆண்டு பட்ஜெட்டில் குறைந்தது 1 சதவீதம் இதற்கான நிதியாக ஒதுக்கப்பட வேண்டும் என்று 2019 தேசியப் புத்தாக்க, புத்தொழில் கொள்கை சொல்கிறது.

அதே கொள்கை, வருகைப்பதிவு குறைந்தாலும் தொழில் தொடங்கிய மாணவரைத் தேர்வெழுத விடலாம், ப்ராஜெக்டுக்குப் பதிலாகத் தன் நிறுவன வேலையையே காட்டலாம், செமஸ்டரோ ஆண்டோ இடைவெளி எடுக்கலாம் என்கிறது. இணைப்புக் கல்லூரி முதல்வர் இதைப் படித்தாலும் பயனில்லை. பல்கலைக்கழக விதி 75 சதவீத வருகை கேட்கிறது. 65 வரை தளர்வு என்பது உடல்நலம், விளையாட்டு போன்ற காரணங்களுக்குத்தான். அந்த வரியில் அங்கீகரிக்கப்பட்ட புத்தொழில் பணியையும் ஆட்சிமன்றக் குழு சேர்க்க வேண்டும். இடைவெளி எடுக்கும் மாணவர் கல்விக் கடன் வாங்கியிருந்தால், படிப்பு முடியும் தேதி மாறுவதைக் கல்லூரியே வங்கிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய தேதியை வைத்துத் தவணை கேட்கத் தொடங்குவார்கள்.

அடுத்த கல்வியாண்டு விண்ணப்பம் அச்சாகும் முன் இன்குபேஷன் மையங்கள் அதில் ஒரு கேள்வியைச் சேர்க்கலாம்: 'உங்களுக்கு எந்த முறையில் கேட்டால், எந்த முறையில் பதில் சொன்னால் எளிது?' காரணமும் சான்றும் கேட்காமல், விண்ணப்பிக்கும் எல்லோரிடமும் கேட்க வேண்டிய கேள்வி அது.

இப்படிக்கு,
கல்லூரித் தொழில்முனைவோர் பிரிவு ஆசிரியர்கள், சிறப்புக் கல்வியாளர்கள் சிலர்,
கோயம்புத்தூர்.