கௌசிக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள கௌசி கண்ணுவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. தெற்கு வீதி வீட்டு விஷயம் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி ஒரு வழிக்கு வந்துவிட்டது, அதை நேரில் சொல்கிறேன். போனில் எது ஆரம்பித்தாலும் "அப்புறம் பேசறேன்ப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். ராத்திரி சாவகாசமாகப் படி.

ஓய்வு பெற்ற பிறகும் ஞாயிற்றுக்கிழமையானால் பையைத் தூக்கிக்கொண்டு எங்கே போகிறீர்கள் என்று ஒரு தடவை கேட்டாய். தினமும் பள்ளிக்குப் போகாமல் தானாகப் படித்துத் தேர்வு எழுதுகிற திறந்தநிலைப் பள்ளியின் கல்வி மையம் ஒன்றில் பத்தாம் வகுப்புக் கணக்கு எடுக்கிறேன். பெரிய கூட்டம் வராது. வருகிறவர்கள் எல்லாம் எங்கேயோ நின்றுபோய் மறுபடி தொடங்கியவர்கள்.

அதில் ஒரு பெண் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்கிறாள். அப்பா தவறிய வருடம் ஒன்பதாவதோடு நின்றவள், இப்போது பத்தொன்பது வயது. துணியில் பழுது இருக்கிற இடத்தைக் காட்ட அங்கே அம்புக்குறி போட்ட சின்ன ஸ்டிக்கர் ஒட்டுவார்களே, அதை வீட்டுக்கு எடுத்துவந்து கணக்குப் புத்தகத்தில் புரியாத வரிக்கு நேராக ஒட்டி வைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தை விரித்து, "சார், இந்த அஞ்சு ஸ்டிக்கரையும் இன்னைக்கு எடுத்துடணும்" என்பாள். புரிந்ததும் நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு அடுத்ததுக்குப் போவாள். முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பெடுத்திருக்கிறேன், தனக்கு எது தெரியவில்லை என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்துவைத்திருந்த பிள்ளைகள் குறைவு. முதல் தடவை தமிழும் மனையியலும் மட்டும் எழுதினாள், தேறிவிட்டாள். அந்த இரண்டு பாடத்தின் தேர்ச்சியும் அவளுக்கு அப்படியே இருக்கும். கம்பெனி வேலை கொஞ்சம் குறைகிற நேரம் பார்த்து மற்றதை எழுதுவாள்.

இதை விவரமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம் ஊரில் பத்தாவது என்றால் ஒரே மூச்சில் எல்லாப் பாடமும் தேறியாக வேண்டும், இல்லையென்றால் வாழ்க்கையே போச்சு என்று நினைக்கிறோம். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் ஒரு தடவை பதிவு செய்தால் ஐந்து வருடம் செல்லும். அதற்குள் ஒன்பது தடவை தேர்வு எழுதலாம். ஏப்ரல்-மே ஒன்று, அக்டோபர்-நவம்பர் ஒன்று. தேறிய பாடத்தைத் திரும்ப எழுத வேண்டியதில்லை. மொத்தம் ஐந்து பாடம் போதும், அதில் ஒன்றாவது மொழிப்பாடமாக இருக்க வேண்டும். ஓவியம் எடுக்கலாம், உளவியல் எடுக்கலாம், கணினியில் தரவு உள்ளீடு எடுக்கலாம். கணக்கு கட்டாயம் இல்லை. கணக்கு வாத்தியார் நானே இதைச் சொல்கிறேன் பார். பின்னால் எஞ்சினியரிங் பக்கம் போக நினைக்கிற பிள்ளை மட்டும் அதை விட்டுவிடக் கூடாது. பதினான்கு வயது முடிந்திருந்தால் பத்தாவதுக்குச் சேரலாம், மேல் வயதுக்கு வரம்பே கிடையாது.

பேரன் கவினுக்குப் பதினைந்து முடிந்துவிட்டது, இல்லையா?

நான் எதுவும் கேட்கவில்லை கண்ணு. ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரைக்கு அழைத்தபோது அவன்தான் போனை எடுத்தான். காய்ச்சல் என்றாய். அடுத்த வாரமும் அவன்தான் எடுத்தான், தேர்வுக்கு விடுமுறை விட்டிருக்கிறார்கள் என்றாய். ஆகஸ்டில் எந்தப் பள்ளியில் அப்படி விடுமுறை விடுகிறார்கள் என்று வாத்தியார் வேலை பார்த்தவனுக்குத் தெரியாதா? தொண்டை வரை வந்ததை அன்றைக்கு விழுங்கிவிட்டேன். அம்மாவிடமும் சொல்லவில்லை. அவள் கேட்டால் உடனே பஸ் ஏறிவிடுவாள், உனக்குத் தெரியும்.

நீ எதையும் மறைத்து வளர்ந்த பிள்ளை இல்லை. பெங்களூரில் தனியாகப் போய் நின்று, வேலை தேடி, வீடு வாங்கி, எங்களிடம் ஒரு ரூபாய் கேட்காமல் வந்தவள். உன்னைப் பற்றிச் சொல்லும்போது இன்றைக்கும் என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது. அப்படிப்பட்டவள் சொந்த அப்பாவிடம் காய்ச்சல் கதை சொல்ல வேண்டுமா? அது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

பள்ளியில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்ட வேண்டும் என்பதற்காக, ஒன்பதாவதில் தடுமாறுகிற பிள்ளையின் பெற்றோரைக் கூப்பிட்டு, "நீங்களே டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்" என்று நயமாகச் சொல்கிற பள்ளிகள் இருக்கின்றன. கவினுக்கும் அப்படித்தான் ஆனது என்றால், முதலில் போய்ச் சண்டை போடு. திறந்தநிலைப் பள்ளி, பள்ளிகள் தங்களுக்கு வேண்டாத பிள்ளைகளைக் கொண்டுவந்து தள்ளுகிற இடம் கிடையாது. பள்ளியும் நண்பர்களும் விளையாட்டு மைதானமும் ஒரு பையனுக்கு வேண்டும், அதற்கு ஈடு எதுவும் இல்லை. அவனுக்கே அங்கே போகப் பிடிக்கவில்லை, காலையில் எழுந்ததும் வயிற்று வலி என்கிறான் என்றால் அது வேறு. அப்போது அவனை இழுத்துக்கொண்டு போய் விடாதே.

எது எப்படியானாலும் பிள்ளையை வெறுமனே வீட்டில் உட்கார வைக்காதே. யார் கேட்பார்கள் என்று பயந்து உறவுக்காரர் விசேஷத்துக்குக் கூட்டிவராமல் இருக்காதே. சின்னத்தாயி அத்தை வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நீ மட்டும் வந்தபோதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

மாப்பிள்ளை, "இந்தச் சான்றிதழெல்லாம் செல்லுமா மாமா?" என்பார். அவர் கேட்பது நியாயம். 1979-ல் சி.பி.எஸ்.இ.யே ஒரு திட்டமாகத் தொடங்கியது இது. 1989-ல் தேசியத் திறந்தநிலைப் பள்ளி என்று தனி நிறுவனமானது, 2002-ல் தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம் (NIOS) என்ற இப்போதைய பெயர் வந்தது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் வருகிற வாரியம். இதில் பன்னிரண்டாவது முடித்தவர்கள் நீட் எழுதலாமா என்று வருடக்கணக்கில் வழக்கு நடந்து, 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றமும் 2024-ல் உச்ச நீதிமன்றமும் அவர்கள் பக்கம் நின்றன. இதைவிட என்ன வேண்டும்?

ஒன்று மட்டும் அவரிடம் சொல். பள்ளிப் படிப்பே வேண்டாம், வயது வந்ததும் நேராகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் டிகிரி போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம். பத்தாவதும் பன்னிரண்டாவதும் முடிக்காமல் வாங்கிய பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்று தமிழ்நாட்டில் 2009-லேயே அரசாணை போட்டுவிட்டார்கள். நம் செந்தில் பட்ட பாடு உனக்குத் தெரியும்.

இன்னொன்று, ஏஜெண்டுகள். படிக்கவே வேண்டாம், பணம் கட்டினால் பாஸ் என்று சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் பக்கமே போகாதே. நிறுவனத்தின் இணையதளத்தில் நாமே பதிவு செய்யலாம். பாடத்துக்குப் பாடம் வீட்டில் எழுதிக் கொடுக்கிற ஒப்படைப்புகளை அவனே கைப்பட எழுத வேண்டும், இருபது சதவீத மதிப்பெண் அதில்தான் வருகிறது. கடையில் எழுதி வாங்கிக் கொடுக்கிறார்கள், வேண்டாம்.

சிரமம் இல்லை என்று சொல்ல மாட்டேன். மணி அடித்து எழுப்ப ஆள் கிடையாது. மையத்தில் ஆசிரியர் நேரில் எடுக்கிற தொடர்பு வகுப்பு வாரக் கடைசியில்தான், அதுவும் எல்லா மையத்திலும் ஒழுங்காக நடக்கும் என்று உத்தரவாதம் கொடுக்க முடியாது. மற்ற நாளெல்லாம் பையன் தானாக உட்கார்ந்து படிக்க வேண்டும். பலர் விட்டுவிடுவதே அங்கேதான். நீயும் மாப்பிள்ளையும் காலையில் கிளம்பினால் ராத்திரிதான் வீடு திரும்புகிறீர்கள். அவன் கையில் போன் ஒன்றுதான் இருக்கும். அதனால் கேட்கிறேன், ஒரு வருடம் அவனை இங்கே அனுப்பேன். காலையில் நானும் அவனும் உட்காருவோம், சாயங்காலம் மைதானத்துக்குப் போகட்டும். என் மையத்திலேயே எழுத்து குழம்புகிற பையன் ஒருவன் படிக்கிறான். சான்று கொடுத்தால் தேர்வில் எழுதுவதற்கு ஆளும் கூடுதல் நேரமும் தருகிறார்கள். கவினுக்கும் அப்படி ஏதாவது இருந்தால் கோவையில் நல்ல டாக்டரிடம் காட்டிக்கொள்ளலாம். சின்ன வயதில் அவன் 'ஞ'வைத் திருப்பிப் போடுவான், ஞாபகம் இருக்கிறதா?

மறுபடியும் சொல்கிறேன், பிள்ளையை வீட்டில் சும்மா உட்கார வைக்காதே. திட்டவும் திட்டாதே. மாப்பிள்ளையும் திட்ட வேண்டாம் என்று சொல்.

அவனுடைய பிறப்புச் சான்றிதழ், ஆதார், கடைசியாகப் படித்த வகுப்பின் மதிப்பெண் பட்டியல் மூன்றையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. மதிப்பெண் பட்டியலைக் கொடுக்க மாட்டோம் என்று பள்ளியில் சொன்னாலும் பரவாயில்லை, படிக்கிற அளவுக்குத் தெரியும் என்று நாமே எழுதிக்கொடுத்தும் பத்தாவதுக்குச் சேர்க்க வழி இருக்கிறது. அனுப்பும்போது கூடவே ஒரு வரி எழுதினால் போதும், எப்போதிலிருந்து அவன் பள்ளிக்குப் போகவில்லை என்று.

அன்புடன்,
அப்பா