அமோனியா வாடை

அன்புள்ள தம்பிக்கு,

நைனா எழுதுவது. அம்மா நலம். நேரத்துக்குச் சாப்பிடு.

பரணை ஒழித்தபோது பலகையில் மாட்டிக் கோடு போடும் என் மினி டிராஃப்டரும், வளைவு போடும் பிரெஞ்சு கர்வ் அச்சு மூன்றும் கிடைத்தன. டிராஃப்டர் திருகு துருவேறி இறுகிவிட்டது. பெரிய கர்வில் நீ யானைத் தும்பிக்கை வரைந்த மைக்கறை அப்படியே இருக்கிறது.

அதை வைத்து வளைவு போடச் சொல்லிக்கொடுத்தேனே, ஞாபகமா? குறைந்தது மூன்று புள்ளி பொருந்த வேண்டும். கடைசிப் புள்ளிவரை இழுக்காமல் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தி, கர்வை நகர்த்திவைத்து அங்கிருந்து தொடர வேண்டும். இல்லாவிட்டால் சேரும் இடத்தில் முட்டு தெரியும். டிரேசிங் பேப்பரில் தப்பினால் அரை பிளேடால் சுரண்டி, நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கிவிட்டுத்தான் மறுபடி பேனா வைப்போம். அவசரப்பட்டால் மை பரவிவிடும்.

உனக்கு லேப்டாப்பில் ஒரு புள்ளியை இழுத்தால் போதும். ரெனோ கார் கம்பெனியில் பெசியே 1960-களில் கொண்டுவந்த கணக்கு, நடுப் புள்ளிகள் மேல் கோடு போகாது, ஆனால் அவைதான் கோட்டை இழுக்கும் என்றெல்லாம் நீ சொன்னதைத் தெருவில் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். அந்தப் பிள்ளைக்கு நாலு வாரமாக ஒரு போன் போட நேரமில்லை. சரி, வேலை இருக்கும்.

செவ்வாய் பகல் பதினொரு மணிக்கு அம்மா கூப்பிட்டதும் முதல் ரிங்கிலேயே எடுத்தாயாம். பின்னால் குக்கர் விசில் கேட்டதாம். நான் ஒன்றும் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

கம்ப்யூட்டரில் படம் போடும் ஆட்டோகேட் 1982-லேயே வந்த சரக்கு. எங்கள் ஆபீசுக்கு 1997-ல் வந்தது. கற்றுக்கொள் என்றார்கள். பயம். அதை மறைக்க, கையால் போடுகிறவனுக்கு எலி எதற்கு என்று வாய் பேசினேன். நானாகவே வேலையை விட்டேன் என்றுதானே உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன்? இல்லை தம்பி, அனுப்பிவிட்டார்கள். அப்புறமும் இரண்டு மாதம் தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்பி, கோட்டை அகழி ஓரம் மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். மே மாச வெயில். உன் அம்மா கட்டிய எலுமிச்சை சாதத்தை அங்கேயே தின்றுவிட்டு, ஆறு மணிக்கு வீட்டுக்கு வருவேன்.

சட்டையில், வரைபடம் பிரிண்ட் போடும் மிஷினின் அமோனியா வாடையே இல்லையே என்று ஒருநாள் கேட்டாள். மிஷின் ரிப்பேர் என்றேன். அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

டிராஃப்டர் திருகுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறேன். ஒருத்தர் பலகையைப் பிடித்தால்தான் கழற்ற முடியும். எந்த ரயிலானாலும் சரி, காட்பாடிக்கு வந்து நிற்கிறேன்.

உன் நைனா