கல்லை எடுங்கள்: எங்கள் அடுக்குமாடிச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் காம்பவுண்டுச் சுவரை ஒட்டித் தெருவில் வைத்திருக்கும் சிமெண்ட் கற்களையும், பூந்தொட்டிகளையும், 'வெளியார் வண்டி நிறுத்தினால் காற்று இறக்கப்படும்' என்ற பலகையையும் எடுத்துவிட வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்த மடல். செயலாளரிடம் நேரில் சொன்னேன். வாட்ஸ்அப் குழுவிலும் எழுதினேன். பேச்சு தண்ணி லாரிக்கு மாறிவிட்டது. எதிர்வரிசை வீட்டுக்காரர்களும் நம் குடியிருப்பில் வாடகைக்கு இருப்பவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன். இந்தச் சண்டையில் அதிகம் அடிபடுபவர்கள் அவர்கள்தான். அவர்கள் வாய்திறந்து பேச நம் கூட்டத்தில் நாற்காலி இல்லை.

போன மாதம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். எதிர்வீட்டுப் பெரியவரை டயாலிசிஸ் முடித்து அழைத்து வந்த அவர் மகன், காரை நம் சுவர் ஓரமாக நிறுத்துவதற்காக ஒரு தொட்டியை நகர்த்தினார். அப்பாவைக் கைத்தாங்கலாக உள்ளே விட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது, இரண்டு டயரிலும் காற்று இல்லை. அதன் பிறகு தெருவில் நடந்த கூச்சலில் இரண்டு பக்கமும் சொல்லக் கூடாத வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டார்கள். காவல் நிலையம் வரை போய், சமாதானம் எழுதி வாங்கிக்கொண்டு வந்தோம். காற்றை இறக்கச் சொன்னது யார் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. வாட்ச்மேன் அண்ணன்தான் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அறுபது வயதைத் தாண்டியவர். மாதச் சம்பளத்துக்கு நம் வாசலில் உட்கார்ந்திருப்பவரை இப்படி ஒரு வேலைக்கு அனுப்பியதை என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

சட்டத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் 'பொதுக்குழுவில் தீர்மானம் போட்டிருக்கிறோம்' என்பதுதான் ஒவ்வொரு முறையும் எனக்குக் கிடைக்கும் பதில். நம் சங்கத் தீர்மானம் நம் கேட்டுக்கு உள்ளே மட்டும்தான் செல்லுபடியாகும். கேட்டைத் தாண்டினால் இருப்பது மாநகராட்சித் தெரு. அங்கே எது நிற்கலாம், எது நிற்கக் கூடாது என்று சொல்லும் அதிகாரம் காவல்துறைக்கும் மாநகராட்சிக்கும் உண்டு. 24 வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டாலும் அது நமக்கு வராது. சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2024-ல் இதை வெளிப்படையாகவே எச்சரித்தது: அனுமதி இல்லாமல் வீட்டுக்கு முன்னால் 'நோ பார்க்கிங்' பலகையும் தடுப்புகளும் வைத்தால் நடவடிக்கை வரும் என்று. பிறர் வண்டியின் காற்றை இறக்குவதோ, பூட்டுப் போடுவதோ இன்னும் ஒரு படி மேலே. பிறர் பொருளுக்குச் சேதம் விளைவித்த குற்றம், ஒருவரைப் போகவிடாமல் தடுத்த குற்றம் என்று வழக்குப் போக இடம் உண்டு. போனால் முதலில் மாட்டுவது வாட்ச்மேன் அண்ணன்.

நமக்கு உரிமையே இல்லை என்று நான் சொல்லவில்லை. கேட்டை மறித்து யார் நிறுத்தினாலும் அது தவறு. மோட்டார் வாகன விதிகளே அதைத் தடுக்கின்றன. தெரு வளைவிலும் நடைபாதை மேலும் நிறுத்துவதும் அப்படித்தான். நம் கேட் முன்னால் நிற்கிறதா, படம் எடுத்துப் போக்குவரத்துக் காவல்துறைக்கு அனுப்புவோம், முதல் ஆளாக நானே அனுப்புகிறேன். ஆனால் கேட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுவர் நெடுக இருக்கும் இடம் நம்முடையது என்று சொல்வதற்கு ஒரு காகிதம்கூட நம்மிடம் இல்லை. நம் கிரயப் பத்திரத்தில் நான்கு எல்லைகள் எழுதியிருக்கிறது. ஒரு பக்கத்து எல்லையாகப் போட்டிருப்பதே இந்தத் தெருவைத்தான்.

இன்னொன்று, அந்தக் கற்கள் வேலை செய்யும் விதம். நம் தெரு 20 அடி. ஒரு காரின் அகலம் ஏறக்குறைய 6 அடி. எதிர்ப்பக்கம் வரிசையாகக் கார் நிற்கிறது, நம் பக்கம் சுவரிலிருந்து 5 அடி தள்ளிக் கல். நடுவில் மிச்சம் இருப்பது 9 அடி. தீயணைப்பு வண்டியின் அகலமே 8 அடி வரும். கார் நின்றால் ஹாரன் அடித்தோ, உரியவரைக் கூப்பிட்டோ எடுக்கச் சொல்லலாம். நடுராத்திரியில் கல்லை யாரைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வது? பார்க்கிங்கைத் தடுப்பதற்காக வைத்த கல், 24 மணி நேரமும் நகராத ஒரு காரைப் போலத் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கிறது. நம் மூன்றாவது மாடியில் ஏதாவது ஆனாலும் வண்டி அந்த 9 அடிக்குள்தான் வர வேண்டும்.

வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்த இஸ்திரி வண்டியும் தொட்டிகளால்தான் போயிற்று. நாம் குடிவருவதற்கு முன்பிருந்தே அங்கே தேய்த்துக்கொண்டிருந்த குடும்பம். நம் வீடுகளின் துணிதான் அவர்களுக்குப் பாதி வருமானம். இப்போது அடுத்த தெரு முனையில் வெயிலில் நிற்கிறார்கள். இதைத் தீர்மானத்தில் யாரும் எழுதவில்லை, ஆனால் தீர்மானத்தால் நடந்தது.

சரி, இவ்வளவு கார் தெருவுக்கு ஏன் வந்தது? எதிர்வரிசைக்காரர்களைத்தான் எல்லோரும் கை காட்டுகிறோம். அந்த வீடுகள் பெரும்பாலும் நாற்பது வருடத்துக்கு முன்னால் கட்டியவை. சைக்கிளும் ஒரு ஸ்கூட்டரும் இருந்த காலத்து வீடுகள். போர்டிகோவுக்கு இடம் விடவில்லை. அவர்களுக்குத் தெருவை விட்டால் வழியில்லை. நம் கட்டிடம் நிற்கும் இடத்திலும் அதே மாதிரி ஒரு தனி வீடும் பின்னால் ஒரு தோட்டமும்தான் இருந்தன. நிலத்துக்காரரும் கட்டுநரும் கூட்டுச் சேர்ந்து கட்டும் ஜாயிண்ட் வென்ச்சரில் அது 24 வீடாயிற்று. ஒரு குடும்பம் புழங்கிய வாசலில் 24 குடும்பங்கள் வந்து இறங்கினோம். தெருவின் மேல் பாரம் ஏற்றியவர்கள் என்று பார்த்தால் அது நாம்தான், அவர்கள் அல்ல.

ஆனால் எண்ணிப் பாருங்கள், இரவு பத்து மணிக்குத் தெருவில் நிற்கும் கார்களில் பாதி நம் குடியிருப்பைச் சேர்ந்தவை. வாடகைக்கு இருப்பவர்களின் கார்கள். உள்ளே இடம் இல்லை என்று நாம் சொல்லிவிட்டதால் வெளியே நிற்கின்றன. எப்படி இடம் இல்லாமல் போயிற்று என்பதுதான் இந்த மடலின் முக்கியமான விஷயம்.

வாடகைக்கு விட்ட உரிமையாளர்களில் சிலர் வீட்டை மட்டும் விடுகிறார்கள், பார்க்கிங்கை விடுவதில்லை. அதைப் பக்கத்து ஃபிளாட்காரரின் இரண்டாவது காருக்கு மாத வாடகைக்குக் கொடுக்கிறார்கள். பராமரிப்புக் கட்டணத்தைக் கட்டுவது வாடகைதாரர். தெருவில் இடம் தேடி அலைவதும் அவர்தான். விசிட்டர் பார்க்கிங் என்று வரைபடத்தில் குறித்திருக்கும் மூன்று இடங்களில் ஒன்றில் ஜெனரேட்டர், மற்ற இரண்டில் நிரந்தரமாக இரண்டு கார்கள். பொங்கலுக்கு ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால், அவர்கள் வண்டியும் வெளியேதான். இப்படி உள்ளிருந்து தள்ளப்பட்ட வண்டிகள் எதிர்வரிசைக்காரர் வாசலில் போய் நிற்கின்றன. அவர்கள் வண்டி நம் சுவர்ப் பக்கம் வருகிறது. நாம் கல் வைக்கிறோம். தெருச் சண்டைக்கு வேர் நம் ஸ்டில்ட்டில், கட்டிடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்தும் தளத்தில், இருக்கிறது.

அந்த ஸ்டில்ட் யாருடையது? 2010 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மும்பை தஹிசரைச் சேர்ந்த ஒரு வீட்டுவசதிச் சங்கத்தின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. தூண்களுக்கு இடையே இருக்கும் ஸ்டில்ட் பார்க்கிங்கைத் தனிச் சொத்தாகக் கட்டுநர் விற்க முடியாது, அது எல்லோருக்குமான பொதுப் பகுதி என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அது மகாராஷ்டிரச் சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு என்று நம் பொருளாளர் சொல்வார், உண்மைதான். ஆனால் 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் நாடு முழுவதற்குமானது. அதுவும் திறந்த பார்க்கிங் இடங்களைப் பொதுப் பகுதிகளில்தான் சேர்க்கிறது. கூரையும் மூன்று பக்கச் சுவரும் இருந்தால்தான் கேரேஜ் என்கிறது. நம் ஸ்டில்ட்டில் தூண்கள் மட்டுமே இருக்கின்றன.

கட்டுநரிடம் பணம் கொடுத்து இடம் வாங்கியவர்களுக்குக் கோபம் வரும். அவர்கள் இடத்தைப் பிடுங்கச் சொல்லி நான் எழுதவில்லை. ஒரு வீட்டுக்கு ஓர் இடம் என்று ஒதுக்கியிருப்பது நியாயம்தான், அது அப்படியே இருக்கட்டும். ஆனால் ஒதுக்கீடு என்பது அந்த வீட்டில் குடியிருப்பவருக்கு. வீட்டிலிருந்து பிரித்துத் தனியாக வாடகைக்கு விடும் சரக்கு அல்ல அது. பிரிக்கப்படாத நிலப் பங்கு நம் எல்லோருடைய பத்திரத்திலும் இருக்கிறது, ஸ்டில்ட்டின் தரையும் அந்த நிலம்தான். சுவருக்கு உள்ளே எல்லோருக்கும் பொதுவான இடத்தைச் சிலருடையதாக ஆக்கிவிட்டு, சுவருக்கு வெளியே ஊருக்கே பொதுவான இடத்தை நம்முடையது என்று கல் வைத்திருக்கிறோம். நான் எதிர்ப்பது இந்த இரண்டையும்தான்.

கூட்டத்தில் பார்க்கிங் பேச்சு வந்தபோது நீங்கள் கேட்ட கேள்வி நியாயமானது: 'இரண்டு கார் வைத்திருப்பவர் என்ன செய்வார்?' இரண்டாவது காருக்கு இடம் தருவது சங்கத்தின் கடமை இல்லை என்று முதலில் ஒப்புக்கொள்வோம். ஜப்பானில் 1962-லிருந்தே ஒரு சட்டம் இருக்கிறது. நிறுத்த இடம் இருக்கிறது என்று காட்டித்தான் கார் வாங்க முடியும். சென்னையிலும் அப்படி வர வேண்டும் என்ற பேச்சு அண்மையில் எழுந்தது. அது வருகிறதோ இல்லையோ, நமக்குள் ஓர் ஒழுங்கு வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் முதல் கார் உள்ளே, அதில் உரிமையாளர், வாடகைதாரர் என்ற பேதம் வேண்டாம். பிறகு மிஞ்சும் இடத்தை வருடா வருடம் குலுக்கல் போட்டு இரண்டாவது காருக்குத் தருவோம், வாடகை சங்கத்துக்கு வரட்டும். கார் இல்லாத வீடுகள் ஆறு இருக்கின்றன. அவர்கள் இடத்தை அவர்கள் விருப்பப்பட்டுச் சங்கத்திடம் ஒப்படைத்தால் பராமரிப்புக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம். விசிட்டர் இடத்தில் நிரந்தரமாக யாரும் நிறுத்தக் கூடாது, அது தலைவர் வீட்டுக் காராக இருந்தாலும். நடக்கச் சிரமப்படுபவர்கள் இருக்கும் வீட்டுக்கு லிஃப்ட் பக்கத்து இடம். இரண்டாம் மாடி அம்மா வாக்கருடன் ஸ்டில்ட்டின் கடைசி மூலை வரை போவதைத் தினமும் பார்க்கிறோம், யாரும் இடம் மாற்றித் தர முன்வரவில்லை. இதைச் செய்தாலே தெருவில் நிற்கும் நம் வண்டிகளில் பெரும்பகுதி உள்ளே வந்துவிடும் என்பது என் கணிப்பு. மிச்சத்துக்கு எதிர்வரிசைக்காரர்களோடு உட்கார்ந்து பேசலாம். ஒரு பக்கம் மட்டும் நிறுத்துவது, மாதத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றுவது என்று பக்கத்துத் தெருவில் அவர்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அடிதடி இல்லாமல் ஓடுகிறது.

பொதுத் தெரு நமக்கும் எவ்வளவு தேவை என்பது மழை வந்தால் தெரியும். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக நின்றதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தார்கள். அந்த வரிசையில் நம் கார்களும் இருந்தன. மிக்ஜாம் புயலில் ஸ்டில்ட்டுக்குள் தண்ணீர் ஏறி எஞ்சின் போனவர்கள் நம்மில் இருக்கிறார்கள், அந்தப் பயத்தில்தான் ஓடினோம். அன்று பாலத்தின் அடியில் குடியிருப்பவர்கள் வந்து இது எங்கள் இடம் என்று கல் போட்டிருந்தால் எங்கே போயிருப்போம்?

செயற்குழுவில் இருப்பவர்கள் சம்பளம் இல்லாமல் உழைக்கிறீர்கள். லிஃப்ட் பழுது, மோட்டார் பழுது, கழிவுநீர் லாரி என்று உங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் போவதைப் பார்க்கிறேன். அந்த உழைப்பின் மேல் மரியாதை இருப்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன், மாநகராட்சிக்கு எழுதவில்லை.

ஆண்டுப் பொதுக்குழு அடுத்த மாதம் வருகிறது. பார்க்கிங் ஒதுக்கீட்டைக் கூட்டப் பொருளில் முதலாவதாகச் சேர்க்க வேண்டும். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) ஒப்புதல் தந்த கட்டிட வரைபடத்தின் நகலை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். எந்த இடம் எதற்கு என்று எல்லோரும் பார்க்கட்டும். வாடகைதாரர்களுக்கு ஓட்டு இல்லாவிட்டாலும் வந்து பேச அனுமதிக்க வேண்டும். எதிர்வீட்டுக்காரரின் டயர் செலவைச் சங்கம் தர வேண்டும், வாட்ச்மேன் அண்ணனின் சம்பளத்தில் அதைப் பிடிக்கக் கூடாது. எதிர்வீட்டுக்குப் போய்ப் பேசத் தலைவர் கிளம்பினால் நானும் கூட வருகிறேன்.

கற்களையும் தொட்டிகளையும் பலகையையும் எடுப்பதற்குப் பொதுக்குழு வரை காத்திருக்கத் தேவையில்லை. கேட்டுக்கு வெளியே செல்லாத ஒரு தீர்மானத்தை நம்பி வைத்தவை அவை. இந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் கீழே இருப்பேன். ஒரு கல்லைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்.

இப்படிக்கு,
முதல் மாடியில் குடியிருக்கும் ஓர் உரிமையாளர்